ராஜ்குமாரின் பாகம்

காலையில் முதல் வேலையாக ஆனந்தவல்லி ஒரு கொட்டாங்கச்சியில் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து, முற்றத்தின் குறுக்கே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு கோடு இழுத்தாள். கோலம் போட்டுப் பழகிய கை என்பதால் கோடு கோணவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் தெருவைப் பார்த்த பாதி வீடு. அந்தப் பக்கம் அடுப்படியும் கிணறும் கொல்லையும் சேர்ந்த மீதிப் பாதி. முடித்து நிமிர்ந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது.

அவள் கொழுந்தன் ராஜ்குமார் இன்றைக்கு சென்னையிலிருந்து வருகிறான். போன வாரம் போனில், "அண்ணி, என் பாகத்த பிரிச்சுக் குடுத்தீங்கன்னா வித்து இங்க ஃப்ளாட்டுக்குப் போட்டுடுவேன்" என்று கேட்டிருந்தான். கேட்பதற்குள் நாலு தடவை இருமினான். கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. மாமனார் கட்டிய வீடு, அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர், அதாவது ஆனந்தவல்லியின் புருஷன், மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டதால் சின்னவனுக்குப் பாதி இல்லை என்று ஆகிவிடுமா?

அந்தக் குடும்பத்தில் பாகம் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் பிரிக்க வேண்டும், சின்னவர் தனக்கு வேண்டியதை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். தனக்கு எது மிஞ்சும் என்று தெரியாததால் பிரிக்கிற கை தானாக நேராகிவிடும். பெரியவர் இல்லாததால் அந்த வேலை பெரியவர் பெண்டாட்டி தலையில் வந்து விழுந்தது. நீளவாக்கில் பிரித்துவிடு, ரயில் பெட்டிபோல இரண்டு துண்டாகிவிடும், ஒருத்தரும் வாங்க மாட்டார்கள், தம்பி பேசாமல் போய்விடுவான் என்று தெருவில் நாலு பேர் யோசனை சொன்னார்கள். ஊருக்கு யோசனை சொல்வதில் என்றைக்குக் குறைச்சல்? அவளுக்குத்தான் மனசு வரவில்லை.

நேர்மையாகப் பிரித்ததில் நஷ்டம் யாருக்கு என்றால் அவளுக்குத்தான். முன்பாதியில்தான் கிரைண்டரும் ஃபிரிட்ஜும் இருந்தன. குத்தாலத்துக்கு பஸ் பிடிக்கப் போகிறவர்கள் காலையில் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் போவார்கள், சாயங்காலம் இட்லி மாவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். மகள் வானதி மயிலாடுதுறையில் காலேஜ் படிப்பது அந்த மாவில்தான். முன்பாதி போய்விட்டால், அரைக் கிலோ மாவுக்காக யார் பக்கத்துச் சந்தின் சாக்கடையைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் வருவார்கள்? ஆனால் கண் இருக்கிற எவனும் தெருப்பக்கத்துப் பாதியைத்தான் எடுப்பான். ராஜ்குமாருக்குக் கண் நன்றாகவே தெரியும்.

இதைவிட அவள் பயந்தது தன் வாய்க்கு. அவன் இந்த வீட்டிலிருந்துதான் படித்தான். விடியுமுன் எழுந்து அவனுக்கு டிபன் கட்டிக் கொடுத்தவள் அவள். கோபத்தில் அது வாயில் வந்துவிட்டால், போட்ட சோறு போட்டதாக இல்லாமல் போய்விடும். வாயை மூடிக்கொள்ளடி என்று பல் தேய்க்கும்போதே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

கார் பதினொரு மணிவாக்கில் வந்தது. வாசலில் வலப்பக்கம் வைக்கோல் போர் போடுகிற இடம் காலியாகக் கிடந்தது, அதில் கொண்டுபோய் நிறுத்தினான். வயிறு கொஞ்சம் போட்டிருந்தது, நெற்றி ஏறியிருந்தது. "நல்லாருக்கீங்களா அண்ணி?" என்று கேட்டுவிட்டு, முற்றத்துக் கோட்டைப் பார்த்ததும் அந்தப் பக்கமே பார்க்காத மாதிரி பையை வைக்க இடம் தேடினான். கொஞ்ச நேரத்தில் அவன் சொல்லியிருந்த தரகர் பக்கிரி வெற்றிலையை மென்றபடி உள்ளே வந்தார். வீட்டை முன்னும் பின்னும் நடந்து பார்த்தார், ஓட்டுக்கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"முன்பாதி மட்டும்னா எவ்வளவுண்ணே வரும்? ஒரு இருபத்தஞ்சு லட்சம் வருமில்ல?" என்றான் ராஜ்குமார்.

பக்கிரி வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார். "எந்த ஊரு கணக்கு தம்பி இது?"

"அங்க சதுர அடி ஏழாயிரம். நான் அதுல மூணுல ஒண்ணுதான் போட்டேன்."

"நீங்க அங்கேருந்து எவ்வளவு குறைச்சுக்கிட்டு வந்தாலும் நம்ம தெருவுக்கு வந்து சேரமாட்டீங்க. இங்க சதுர அடி கேட்டு யாரு வர்றா? வயல் மாதிரி குழிக் கணக்குலதான் விலை கேப்பான். ஓட்டு வீட்டுக்கு விலையே கிடையாது, மண்ணுக்குத்தான். அதுலயும் பாதி வீடு. அஞ்சு லட்சம் வந்தா சாமிக்குத் தேங்கா ஒடைங்க."

ராஜ்குமார் அப்படியே உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்த இடம் சுண்ணாம்புக் கோடு, ஐப்பசி மூட்டத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. கறுப்பு பேன்ட்டில் வெள்ளையாக அப்பிக்கொள்வதைப் பார்த்தும் ஆனந்தவல்லிக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவன் மனைவி பிரகதீஸ்வரிக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வைத்தான்.

"அஞ்சுதானாம் பிரகா."

"அஞ்சா?" அந்தப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அழுதுவிடாமல் இருப்பதற்காகச் சிரிக்கிற சிரிப்பு. "அது நம்ம கார் பார்க்கிங் காசுங்க."

ஆனந்தவல்லிக்கு விளங்கவில்லை. ராஜ்குமார்தான் விளக்கினான். மறைமலைநகரைத் தாண்டி அவர்கள் பார்த்திருக்கும் ஃப்ளாட்டில், வீட்டு விலை தனி, கீழே கார் நிற்கிற இடத்துக்கு விலை தனி. அதற்கு அஞ்சு லட்சம்.

"நாலு பக்கமும் சுவராச்சும் உண்டா தம்பி?"

"ரெண்டு மஞ்சக் கோடு அண்ணி. அவ்வளவுதான்."

அவள் முன்பாதியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கல்யாணமாகி வந்து அவள் முதன்முதலாக உட்கார்ந்த கூடம். வானதி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகிய இடம். புருஷனைக் கிடத்தியிருந்த இடம். கிரைண்டர், ஃபிரிட்ஜ், மாவு, மகள் படிப்பு. இத்தனையும் சேர்ந்து அங்கே ஒரு கார் படுத்துத் தூங்குகிற இடம். காருக்கு வந்த வாழ்வைப் பார் என்று நினைத்தபோது, பயத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா இருக்காங்களா பக்கத்துல?" என்றது போன். "அக்கா, கார் வெயில்ல நின்னா கரைஞ்சிடாது. அது செகண்ட் ஹேண்ட் வண்டிதான். முடிவு உங்க கொழுந்தன் எடுக்கட்டும், எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல." போன் வைக்கப்பட்டது.

பக்கிரி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டு இரண்டு பேரையும் பார்த்தார். இதை இழுத்துக்கொண்டே போனால் தன் வாய் எதையாவது சொல்லி அவனை இளக்கப் பார்க்கும் என்று ஆனந்தவல்லிக்குத் தோன்றியது. "நான் பிரிச்சிட்டேன் தம்பி. எடுக்கவேண்டியது நீங்க. உங்களுக்கு எது வேணுமோ எடுங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட நேராகவே வந்தது.

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். பின்னாலேயே இவர்களும் போனார்கள். காரின் பானட்மேல் கையை வைத்துக்கொண்டு, "இது எனக்கு. கார் நிக்கிற அளவு" என்றான்.

"அது நான் போட்ட கோட்டுலயே சேரலியே தம்பி."

"அதான் எடுத்துக்கறேன். அங்க பார்க்கிங் வேணாம். ஊருக்கு வந்தா வண்டிய நிறுத்த ஒரு இடம் இருக்கட்டும். தையில வந்து என் பாகம் வேணாம்னு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்துடறேன், வீடு உங்க பேருக்கே இருக்கட்டும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "இருபத்தஞ்சு வந்திருந்தா விட்டிருக்க மாட்டேன் அண்ணி. நெஜத்தச் சொல்றேன். ஒரு ரூமு குறைஞ்ச ஃப்ளாட்டா பாத்துக்கிறோம்."

"ஏந்தம்பி, என் கமிஷன்ல மண்ணப் போட்டுட்டீங்களே!" என்றார் பக்கிரி. ஆனாலும் சாப்பாட்டுக்கு இருந்துவிட்டுத்தான் போனார்.

அவன் கடைசியாகச் சொன்னதுதான் அவள் நெஞ்சில் அப்படியே இறங்கியது. பொய்யாகப் பெருந்தன்மை பேசியிருந்தால் அவள் இத்தனை நம்பியிருக்க மாட்டாள். இலை போடும்போதும் ரசம் ஊற்றும்போதும் அவளுக்குள் நன்றி பொங்கிக்கொண்டே இருந்தது. அவனுக்கு நன்றி, முகம் காட்டாமல் பேசிய அந்தப் பெண்ணுக்கு நன்றி. எவனும் சதுர அடி கேட்டு வராத தன் தெருவுக்கும், விலை போகாத தன் மண்ணுக்கும் நன்றி. இந்த ஊர் இன்னும் கொஞ்சம் நல்ல விலை போகிற ஊராக இருந்திருந்தால் அவள் இன்றைக்குக் கொல்லைக்குப் போயிருப்பாள். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் வரவில்லை. இவ்வளவு வருஷத்தில் அந்த வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. கூட்டு இன்னும் கொஞ்சம் போட்டாள்.

சாப்பிட்டு எழுந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாட்டம் ஊற்றித் தீர்த்து, சாயங்காலம் நாலு மணிக்கு வெறித்தது. ராஜ்குமார் கிளம்பினான். அவள் ஒரு தூக்கு நிறைய மாவைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஊர் போறதுக்குள்ள புளிச்சிடும் அண்ணி."

"புளிச்சா தோசையா ஊத்திக்குங்க. பிரகாகிட்ட நான் குடுத்தேன்னு சொல்லுங்க."

கார் தெரு திரும்பும்வரை நின்றாள். தைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் யார் மனசு எப்படி மாறுமோ, பத்திரம் எழுதுகிறவரை எதுவும் பத்திரமில்லை என்று உலகம் தெரிந்த பக்கிரி சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். இருந்தாலும் ஒரு மனுஷன் நடுவாசலில் நின்று சொன்ன சொல் அவளுக்கு இன்றைக்குப் போதும்.

திரும்பியபோதுதான் பார்த்தாள். வாசலெல்லாம் மழையில் கறுத்துச் சொதசொதவென்று கிடக்க, கார் நின்ற இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுப்பாய்க் காய்ந்து கிடந்தது. யாரோ அளந்து வெட்டிவைத்த மாதிரி இருந்தது.

மாவு வாங்க மூன்றாம் வீட்டு சாஜிதா ஸ்கூட்டரில் வந்தாள். சேற்றுக்குப் பயந்து வண்டியை நேராக அந்தக் காய்ந்த இடத்துக்கு ஓட்டினாள்.

"அங்க வேணாம் சாஜிதா, கொஞ்சம் தள்ளி நிறுத்து. அது எங்க கொழுந்தன் பாகம்."

சாஜிதா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தாள். ஆனால் அக்காவின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் வண்டியைச் சேற்றிலேயே நிறுத்திவிட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். ஆனந்தவல்லி அதை வாங்கிக்கொண்டும் உள்ளே போகவில்லை. மறுபடி தூறல் ஆரம்பித்திருந்தது. காய்ந்த மண்ணில் ஒரு பொட்டு விழுந்தது. தள்ளி இன்னொன்று. பிறகு பத்து, இருபது. ஓரங்கள் கரைந்து, வாசல் முழுக்க ஒரே ஈரமாகும்வரை பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடி அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.