நாற்பது பச்சைப் புள்ளிகள்

...வைத்திருக்கிறேன், நாற்பதிலும் வைத்திருக்கிறேன், பச்சை மை முழுசாகக் காயக்கூட இல்லை, அப்படியென்றால் இப்போதுதான் வைத்தது, ஆனால் எப்போது பார்த்தேன்? பிரேக்குக்குள் போகிற உருளை இது, அளவு பார்க்கிற கேஜின் ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது, இரண்டையும் பார்த்த பிறகுதான் புள்ளி, பதினோரு வருஷமாக எனக்கு இதுதான் வேலை. வீரலட்சுமி பார்த்த டிரேயைத் திருப்பிப் பார்க்க வேண்டாம் என்று இந்தக் கம்பெனியில் ஒரு பேச்சே உண்டு. மூன்றாவது டிரே முடிந்தது நினைவிருக்கிறது, டீ வந்தது நினைவிருக்கிறது, கிளாஸின் சூடு இன்னும் விரலில் இருக்கிறது... அப்புறம் இந்த டிரே புள்ளிகளோடு நிற்கிறது. நடுவில் ஒன்றுமில்லை. பார்க்காமலே வைத்துவிட்டேனா? பன்னிரண்டு மணிக்கு லாரி வந்துவிடும், அப்புறம் இவை யார் யார் வண்டியிலோ ஏறிவிடும், தொப்பூர் இறக்கத்தில் யாரோ பிரேக்கை மிதிப்பார்கள்...

பெங்களூர் டாக்டர் சொன்னது இதுதானா? போன வியாழக்கிழமை, கண் பரிசோதனை என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். மாத்திரை எழுதிக்கொண்டே சொன்னார், "மூளையில நரம்பு செல் மட்டும் இல்லம்மா, அதுக்கு ஊட்டம் கொடுத்து, கழிவு எடுத்து, சுத்தி நின்னு பாத்துக்கிற செல்லுங்க இருக்கு. ஹெல்பர் மாதிரி, ஆய்த்தா, புரிஞ்சுதா?" வருஷக்கணக்கில் பயமும் தூக்கமில்லாமையும் சேர்ந்தால் அவை சுருங்கும், குறையும் என்று ஆராய்ச்சியில் சொல்கிறார்களாம், மனச்சோர்வுக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாமாம், முடிவாகத் தெரியாதாம். ஹெல்பர் என்றதும் எனக்கு மாரம்மாதான் வந்தாள். இரண்டாயிரத்து ஒன்பது பிறந்ததும் ஆர்டர் இல்லை என்று பதினேழு ஹெல்பர்களை ஒரே நாளில் நிறுத்தினார்கள், அதில் அவளும் ஒருத்தி, அஞ்செட்டிக்காரி, எண்ணெய் துடைத்துத் துளை மேலே வரும்படி அடுக்கித் தருவாள், நான் கொஞ்சம் அசந்தால் முழங்கையால் இடிப்பாள், "இன்னாக்கா, கண்ணத் தொறந்துக்கினே தூங்கறியா? ஊட்டுக்காரரு ராத்திரில தூங்க உடலயா?" இப்போது துடைப்பதும் நான், அடுக்குவதும் நான், பார்ப்பதும் நான். அதனால்தான் டாக்டரிடம் அப்படிக் கேட்டுவிட்டேன், "நிறுத்தனவங்கள மறுபடி எடுத்துக்குவாங்களா, சார்?" அவர் பேனாவைக் கீழே வைத்தார். சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. "யாரை?" என்றார்.

சொல்லிவிடலாமா? சொன்னால் மெடிக்கல் செக்கப்புக்கு அனுப்புவார்கள், மாத்திரை தெரிந்துவிடும், மாத்திரை தின்கிறவளை இந்த மேஜையில் வைத்திருப்பார்களா, வீட்டில் உட்கார்ந்தால் இந்தத் தலைக்குள் நான் தனியாக என்ன செய்வேன்... சூப்பர்வைசர் சென்னகிருஷ்ணன் வந்துவிட்டார். "ஏம்மா லட்சுமி, நாலாவது டிரே ஆச்சா? லாரிக்காரன் இப்பவே கேட்ல நின்னு கத்தறான்." ஆச்சுண்ணா என்று நாக்கு வரை வந்தது. "இத ஏத்தாதீங்கண்ணா. திரும்பப் பாக்கணும்" என்றேன், என் குரல்தானா அது? "நீ பாத்ததயா? நீயே நம்பலன்னா நாங்க எந்தக் கோயிலுக்குப் போய்ச் சத்தியம் பண்றது?" என்றவர் சிரிப்பு முடிந்த பிறகும் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக எடுத்தேன். இந்த முனை போகிறது, அந்த முனை போகவில்லை. போகிறது, போகவில்லை. இருபதைத் தாண்டியதும் ஒரு கெட்ட பீஸைத் தேடத் தொடங்கியிருந்தேன், ஒன்றாவது இருக்கட்டும், ஒன்றே ஒன்று, இருந்தால் அசந்துவிட்டேன் என்று ஆகும், அசதிக்கு மருந்து இருக்கிறது. கடைசி உருளையில் தேவைக்கு மேல் அழுத்தினேன். மறுமுனை போகவில்லை.

"பாத்தியா, உன் கை தப்பாது" என்று சொல்லி டிரேயைத் தூக்கிக்கொண்டு போனார். தப்பவில்லைதான். இந்தக் கை எண்பது முறை சரியாகப் பார்த்து, நாற்பது முறை சரியாகப் புள்ளி வைத்திருக்கிறது, நான் இல்லாதபோது, ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாமல், எனக்கே தெரியாமல்... அடுத்த டிரே வந்துவிட்டது. கை கேஜை எடுத்துக்கொண்டிருக்கிறது. நான் இன்னும் எடுக்க நினைக்கவில்லை.