ஜாடியில் ஒரு படி நெல்

பதினோரு மணி நேரம் இருபது நிமிடம். ஒரு படி நெல்லை ஒவ்வொன்றாக எண்ணி முடிக்க எனக்கு ஆன நேரம் அது. 1952 ஓண விடுமுறையில் இரண்டு பகல் உட்கார்ந்து, நூறு நூறாகக் குவித்து எண்ணினேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை. "ஒரு படி அளந்து ஜாடியில நெறச்சு வை" என்றுதான் மானேஜர் குமாரதாஸ் நெல்லைக் கொடுத்துவிட்டிருந்தார். பி.எஸ்சி. படித்த பழக்கம், எண்ணாமல் நிறைக்க மனம் வரவில்லை. எண்ணினேன் என்று சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

நான் தற்காலிகக் குமாஸ்தாவாக இருந்த வேளிமலை சேமிப்பு வங்கி நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது. மூன்று வருடத்தில் நூற்றுப்பத்துக் கணக்குகள். ஜாடியைத் தெருவோரம் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, 'ஒரு படியில் எத்தனை நெல்? மிக நெருங்கிச் சொல்பவருக்குத் தையல் மெஷின்' என்று எழுதி மாட்டினோம். ஒரு ரூபாய் போட்டுக் கணக்குத் தொடங்கினால் விடை எழுத ஒரு சீட்டு. கடலோர இனயம் ஊரிலிருந்து மீன்காரிகள் வந்தார்கள். திற்பரப்பு அருவியில் குளிக்கப் போனவர்களும் ஈரத்தலையோடு அதையே பேசினார்களாம். 'ஜாடி பேங்கு' என்றால்தான் வண்டிக்காரர்களுக்குத் தெரிந்தது. நாற்பது நாளில் ஆயிரத்து அறுநூறு கணக்குகள்.

சீட்டுகளைப் பிரித்தபோது அறுபத்தொரு பேர் ஒரே விடை எழுதியிருந்தார்கள்: பதினாலாயிரத்து நானூறு. படிக்கு இத்தனை நெல் என்று பழைய வாய்ப்பாடு சொல்லும் எண். மானேஜரும் ஜாடி நிறையும் முன்பே அதையே எழுதி, உறையை ஒட்டி வக்கீலிடம் கொடுத்திருந்தார்.

என் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வந்தது நேசபாயின் சீட்டு ஒன்றுதான். ரேந்தை என்கிற லேஸ் பின்னி, துணி தைத்துப் பிழைப்பவள். மெஷின் இன்னொருத்தியுடையது. கூலியில் பாதி மெஷின்காரிக்குப் போய்விடும்.

அன்றே மானேஜரிடம் போனேன்.

"சார், வாய்ப்பாடு தப்பு. நான் எண்ணியிருக்கேன்."

"ஒனக்கு வேற சோலி இல்லியா?" சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "உறைய ஒட்டியாச்சு. இனி மாத்தினா பேங்குக்க பேரு போவும். ஒண்ணாந்தேதி ஒனக்கு நிரந்தர ஆர்டர் வருது, செல்லபாய். வாயத் தொறக்காம, மிண்டாம இரி."

சனிக்கிழமை மாலை தெருவில் பந்தல். வக்கீல் உறையைக் கிழித்தார். மானேஜர் எண்ணை வாசித்தார். அறுபத்தொரு பெயர்களையும் குலுக்கப் பித்தளைக் குடம் வந்தது. நேசபாய் எழுந்தாள்.

"சார், நான் முப்பதாயிரம்லா எழுதினேன்? ஒரு தேங்காச் சிரட்டை நெல்ல எண்ணி, படிக்கு எத்தன சிரட்டைன்னு அளந்து பாத்தேன். நீங்க சொல்லுகது அதுல பாதிகூட வரல்லியே?"

"ஏட்டி, உமியத் தனியா அரிசியத் தனியா எண்ணினியா?" என்றது ஒரு குரல். பந்தலே சிரித்தது.

அவள் உட்காரவில்லை. "சிரியுங்கோ. ஜாடியில உள்ளத யாரு எண்ணினது? அத மட்டும் சொல்லுங்கோ."

மானேஜர் வாய்ப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார். கல்லூரியில் ஒருநாள்கூட நான் எழுந்து பதில் சொன்னதில்லை. எழுந்தேன். அவர் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தார்.

"நான் எண்ணினேன்" என்றேன்.

"கேக்கல்ல மக்கா, ஒறக்கச் சொல்லு" என்றாள் பின்னாலிருந்து ஒரு மீன்காரி.

உரக்கச் சொன்னேன்.

"நான்தான் எண்ணினேன். முப்பதாயிரத்து இருநூற்றுப் பதினேழு."