பலகையில் ஒரு காலியிடம்

ராக்கெட்டின் பாகங்களைப் பூட்டும் கட்டடத்துக்குள் காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. கூரை அவ்வளவு உயரம். மேகங்கள் உள்ளேயே உண்டாகி உள்ளேயே கரைந்துவிடும். யாரும் குடை பிடிப்பதில்லை. குடையும் ஒரு கருவி. அதற்கும் பலகையில் இடம் வேண்டும்.

பலகை என் பொறுப்பு. நான் தெய்வநாயகம், கருவிக் காப்பாளர். வடக்குச் சுவர் முழுவதும் பலகைதான். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் அதில் மஞ்சள் பெயின்டால் கோடு போட்டு வைத்திருக்கிறோம். வேலை முடிந்ததும் ஸ்பானர் ஸ்பானரின் கோட்டுக்குள், சுத்தியல் சுத்தியலின் கோட்டுக்குள். ஒரு கோடு காலி என்றால் அந்தக் கருவி ராக்கெட்டுக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். கதவு திறக்காது. ராக்கெட் போகாது.

அன்று ஒரு கோடு காலியாக இருந்தது. ஆள் உருவம்.

எனக்குப் பதற்றமில்லை. நேற்றுவரை அது அங்கே இல்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

ஆனால் இன்று அது நிரம்பியாக வேண்டும். இத்தனை வருடத்தில் ஒரு ராக்கெட் கிளம்பி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் உள்ளே கருவிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். இந்த முறை இயக்குநர் திலோத்தமை மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். பலகை நிறைந்ததும் நானும் வெளியே போய்ப் பார்க்கலாம்.

எல்லோரையும் வரிசையில் நிறுத்தினேன். வரிசைக்குக் கட்டடம் போதவில்லை. கட்டடம் கொஞ்சம் நீண்டு இடம் கொடுத்தது. ஒவ்வொருவராகக் கோட்டுக்குள் நின்றார்கள். ஒருவருக்குத் தோள் இடித்தது. ஒருவருக்குக் காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

கடைசியாக நின்றவன் கிரேன் ஓட்டும் இருதயராஜ். உயரம் போதவில்லை.

“அண்ணாச்சி, நீங்க இன்னும் நிக்கலியே?”

“நான் எண்ணுத ஆளுல்லா.”

“எண்ணுத ஆளும் ஆளுதானே?”

நின்றேன். பெட்டி தூக்கித் தூக்கி என் வலது தோள் இறங்கிவிட்டது. கோட்டில் எதிர்ப்பக்கத் தோள் இறங்கியிருந்தது.

“திரும்பி நில்லுங்க,” என்றார் மேடம்.

சுவரைப் பார்த்துத் திரும்பினேன். கச்சிதம்.

“பொண்ணு பாக்கப் போனப்பகூட இப்படிப் பொருந்தியிருக்காது அண்ணாச்சி!”

“நிறைஞ்சிடுச்சு. கதவைத் திறங்க,” என்றார் மேடம்.

“மேடம், நான் வெளிய வந்து...”

“வந்தா பலகை காலியாயிடுமே, தெய்வநாயகம்.”

அதுவும் நியாயம்தான்.

கதவு திறந்தது. ராக்கெட் தண்டவாளத்தில் உருண்டு வெளியே போனது. பின்னாலேயே எல்லோரும் போனார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுவர்.

“இருதயம், பாத்து அப்பப்பச் சொல்லுடே!”

“சொல்லுதேன் அண்ணாச்சி!”

தரை அதிர்ந்தது.

“கெளம்பிட்டு அண்ணாச்சி!”

“எப்படி இருக்கு?”

“எம்மா, எவ்வளவு பெருசு! நேரா போவுது.”

“ஆட்டம் இருக்கா?”

“துளிகூட இல்ல. ஜன்னலெல்லாம் பளபளங்குது.”

அவன் குரல் கீழேயிருந்து வந்தது.

“ராக்கெட்டுக்கு ஏதுடே ஜன்னல்?”

“ராக்கெட் இங்கதான் நிக்கி. அதும் எங்ககூட அண்ணாந்து பாத்துட்டு இருக்கு.”

தூறல் நின்றிருந்தது.

“அண்ணாச்சி! கட்டடத்துக் கதவு தொறந்தே கெடக்கு. உங்க முதுகு தெரியுது!”

“தோள்?”

“வலது தோள் எறங்கியிருக்கு!” குரல் இப்போது கொசு அளவுக்கு இருந்தது.

சரியாகத்தான் நின்றிருந்தேன். இருபுறமும் ஸ்பானர்கள் லேசாகக் கிணுகிணுத்தன. ஒன்றுகூட விழவில்லை.