மேல்படியிலிருந்து பதினைந்து மீட்டர்

மனைவி மாளவிகா இறந்து ஏழு மாதம். வீட்டிலேயே உட்கார்ந்து மொழிபெயர்க்கிறேன். தி. நகர்ப் பதிப்பகம் ஒன்றுக்கு, அமெரிக்காவும் மெக்சிகோவும் மண்ணுக்காகப் போட்ட சண்டைகளின் வரலாறு. நாளைக்கு நான்கு பக்கம். எதுவும் மனதில் ஒட்டுவதில்லை. வாக்கியம் சரியா என்று மட்டும் பார்ப்பேன்.

சமைக்க வரும் வேலம்மாக்காவுக்கு வீடு அடையாற்றங்கரையில். அபிராமபுரத்தில் எங்கள் தெருவில்தான் மூன்று வீட்டு வேலை. சென்ற வாரம் அவர் கதவில் சிவப்புப் பெயின்டில் எண் எழுதிவிட்டார்கள். தண்ணீரிலிருந்து பதினைந்து மீட்டருக்குள் இருக்கும் வீடுகளை இடித்துவிட்டு, ஆட்களை ஊருக்கு வெளியே அனுப்பப்போகிறார்கள். போனால் மூன்று வேலையும் போகும்.

குழம்பு கொதிக்கும்போது, என்ன எழுதுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். 1848இல் போர் முடிந்து ரியோ கிராண்டே ஆற்றை எல்லையாக வைத்தார்கள். ஆறு தெற்கே நகர்ந்தது. சமிசால் என்ற மெக்சிகோ நிலம் அமெரிக்கப் பக்கம் வந்துவிட்டது. ஆறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். ஒரே வெள்ளத்தில் தாவினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். அதுதான் விதி. எப்படி நகர்ந்தது என்று நூறு வருஷம் சண்டை.

அக்கா கரண்டியோடு நின்றுவிட்டார்.

“நம்ம ஆறு ஒரே வெள்ளத்துல தாவிச்சு தம்பி. எங்க பழைய படிக்கட்டு இப்ப தண்ணிக்குள்ள கீது.”

எவ்வளவு தூரத்தில் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தாக வேண்டும்போல் இருந்தது.

சாயங்காலம் போனோம். மேல்படி தண்ணீருக்கு மேலே ஒரு விரல் அளவு தெரிந்தது. டேப் இல்லை. அக்கா கொடியிலிருந்து ஒரு சேலையை உருவினார். பக்கத்து வீட்டில் இருக்கும் மச்சினன் சேட்டு இறங்கி, படியில் ஒரு முனையைப் பிடித்தான்.

“இன்னா அண்ணி, ஆத்துக்கே சேலை கட்டிவுடப் போறியா?”

கரைக்கு ஒரு சேலையும் ஒரு முந்தானையும் வந்தது. பழைய படியிலிருந்து அளந்தால் கோடு அவ்வளவு தூரம் ஆற்றுப் பக்கம் தள்ளிப்போகும்.

வெள்ளிக்கிழமை வார்டு அலுவலகத்தில் ஆட்சேபம் கேட்டார்கள். அதிகாரி சிதம்பரநாதனிடம் அக்கா அமெரிக்காவிலிருந்து ஆரம்பித்தார். அந்தச் சட்டம் இங்கே செல்லாது என்றார் அவர். பிறகு பேனாவை மூடிவிட்டு, நிலம் கடைசியில் யாருக்குப் போனது என்று என்னைக் கேட்டார். 1963இல் ஒப்பந்தம், பெரும்பகுதி மெக்சிகோவுக்கு என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். திங்கட்கிழமை வந்து பழைய படியிலிருந்து அளப்பதாகச் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா, எதை முழுங்கினாய் என்றார். சொல்ல வேண்டியதாயிற்று. ஆற்றைச் சிமெண்ட் கால்வாய்க்குள் அடைத்தார்கள். திருப்பிக் கொடுத்த நிலத்தில் குடியிருந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரைக் காலி செய்ய வைத்தார்கள். அதில் நிறையப் பேர் மெக்சிகோ வம்சம்தான்.

அக்கா நடந்துகொண்டே கேட்டார்.

“அவங்களுக்கு யாரு டேப்பு புடிச்சாங்க?”

“தெரியலக்கா. புத்தகத்துல ஒரு வரிதான் இருக்கு.”

“தேடிப் பாத்துச் சொல்லு.”

சனி, ஞாயிறு தேடினேன். கன்னிமாரா நூலகத்துக்குக்கூடப் போனேன். பெயர்கள் கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை சேட்டு வேலைக்குப் போகாமல் வாசலில் நின்றான். நான் பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினேன். கறுப்புத் தண்ணீர், முழங்கால் வரை. மேல்படியில் டேப்பின் முனையை அழுத்திப் பிடித்தேன். சிதம்பரநாதன் மறுமுனையோடு அக்கா வீட்டுக்குள் போனார். பதினைந்து மீட்டர் முன்னறையைத் தாண்டி, சமையலறை வாசலில் முடிந்தது.

படிவத்தில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டு கட்டம்தான் இருக்கிறது, பாதி வீடு என்று எழுத இடமில்லை என்று அவர் சொல்வது கேட்டது.

“சமையக்கட்டு வெளியதானே கீது? அதுல படுத்துக்குவோம். வெளியன்னு எழுதிக்கோ சார்.”

‘வெளியே’ என்றே எழுதிவிட்டார் என்பது அக்கா வாசலுக்கு வந்து நின்ற விதத்தில் தெரிந்தது.

அடுத்தது சேட்டு வீடு. அவன் வீடு இன்னும் ஓர் அடி ஆற்றுப் பக்கம் தள்ளி இருந்தது; மேல்படியிலிருந்து அளந்தால் கோடு அவன் சமையலறைக்குள்ளும் போய்விடும். சிதம்பரநாதன் அவன் கதவை நோக்கித் திரும்பியதும், சேட்டு கரையோரம் வந்து என் பக்கம் குனிந்தான்.

“சார், இன்னொரு படி கீழ எறங்கி நில்லு சார்.”

அந்தப் படி எங்கே இருக்கிறது என்று காலால் துழாவினேன்.