எல்சியின் ஆள்காட்டி விரல்

1951ஆம் ஆண்டு நவம்பர் பத்தொன்பதாம் தேதி காலை, ராயபுரத்தில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்த எல்சியின் இடது கை ஆள்காட்டி விரலில் ஓட்டு மை வந்திருந்தது. ஓட்டுப் பதிவுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது. அன்று தெருக்குழாயில் நான்கரைக்குத் தண்ணீர் வந்து ஐந்தே காலுக்கு நின்றது. எல்சிக்கு வயது இருபத்து நான்கு. திருவொற்றியூரில் ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் பெட்டிகளை அடுக்கிக் கட்டும் வேலை செய்தாள். லேபிள் சாயம்தான் ஒட்டிக்கொண்டது என்று முதலில் நினைத்தாள். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அதற்கு முந்தின நாள்தான் தேர்தல் குமாஸ்தா ஒருவர் நான்கு தகரப் பெட்டிகளோடு தெருவுக்கு வந்து ஓட்டுப் போடுவது எப்படி என்று காட்டிவிட்டுப் போயிருந்தார். ஏணி, தராசு, படகு, குடை என்று நான்கு வேட்பாளர்கள். ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. திரைக்குப் பின்னால் போய், வேண்டியவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். சீட்டு வாங்குமுன் விரலில் மை வைப்பார்கள். மை ஏற்கெனவே இருந்தால் சீட்டு கிடையாது. அந்த ஆள் ஓட்டுப் போட்டு முடித்தவராகக் கருதப்படுவார். தெருப் பெண்களுக்குப் பெட்டி விஷயம் உடனே புரிந்தது. கோயிலில் ஒவ்வொரு புனிதருக்கும் ஒரு காணிக்கைப் பெட்டி உண்டு. திருநாள் அன்று எந்தப் புனிதரும் மனம் வருந்தாதபடி எல்லாப் பெட்டியிலும் ஏதாவது போடுவது வழக்கம். எல்சியின் அண்ணி டோரதி, ஒரே சீட்டுதான் என்றால் அதை நாலாகக் கிழித்துக்கொள்ளலாமா என்று குமாஸ்தாவைக் கேட்டாள். அவள் வேடிக்கை பேசுவதாக நினைத்து அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைத் தெரு சம்மதமாக எடுத்துக்கொண்டது.

எல்சி சிரிக்கவில்லை. ஓட்டு என்பது அவளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் கேட்டு வாங்கிக் கொடுக்காமல் கிடைக்கவிருந்த பொருள். வாக்காளர் பட்டியலில் கஸ்பாரின் தங்கை என்றில்லாமல் எல்சி என்றே அச்சாகியிருந்ததை அவள் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இப்போது விரலைக் காட்டினால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பக்கத்து வீட்டு ஜஹாங்கீர் ஒரு கல்லூரி ரசாயனக் கூடத்தில் உதவியாளர். அவர் சுண்ணாம்பு, புளி, ஸ்பிரிட் என்று வரிசையாகத் தேய்த்துப் பார்த்து, மை எதற்கும் அசையவில்லை என்று எழுதி வைத்தார். தேர்தல் மையில் வெள்ளி உப்பு கலந்திருப்பதால் அது வெயில் பட்டுக் கறுக்கும். இதுவோ தானாக மறைந்து, இருட்டு பீரோவுக்குள் கையை விட்டபோதும் திரும்பக் கறுத்தது. மூன்றாம் நாள் மாலை அவர் சும்மா பேச்சுக்கு ஏணிக்காரர் போட்டுத் தருவதாகச் சொன்ன புதுக் குழாயைப் பற்றிப் பேசினார். விரல் நகக்கண்ணிலிருந்து முதல் கணு வரை கறுத்தது. அந்தக் குழாய் ஏணிக்காரரின் மச்சான் தெருவோடு நின்றுவிடும் என்று டோரதி உள்ளேயிருந்து சொன்னாள். விரல் வெளுத்தது. யாருக்கு ஓட்டு என்று எல்சி மனதில் முடிவாகும்போது மை வரும், முடிவு கலையும்போது போகும் என்பதை ஜஹாங்கீர் இப்படித்தான் கண்டுபிடித்தார். அவர் அதை வெளியே சொல்லவில்லை. டோரதி சொன்னாள்.

அதன்பின் கட்சிக்காரர்கள் பொற்கொல்லர் உரைகல்லைத் தேடி வருவதுபோல வரத் தொடங்கினர். கூட்டத்தில் பேசப் போவதை முதலில் எல்சி முன்னால் பேசிப் பார்த்தார்கள். விரல் கறுக்காத வரிகளை அடித்துவிட்டு வேறு எழுதிக்கொண்டு வந்தார்கள். குடைக்காரரின் ஆட்கள் ஒரே வாரத்தில் ஐந்து முறை வந்து, கடைசியில் பேச்சையே கைவிட்டு, விரலுக்கு நேராகக் குடையை மட்டும் விரித்துக் காட்டினார்கள். எல்சி விரலில் துணி சுற்றிப் பார்த்தாள். மை துணியில் ஊறி வெளியே தெரிந்தது. டிசம்பர் நடுவில் படகுச் சின்னத்துக்காக நடிகர் புவனராஜன் திறந்த லாரியில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வந்தார். அவர் நடித்த எந்தப் படத்தையும் எல்சி பார்த்ததில்லை. இருந்தும், அவர் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தபோது அவள் விரல் முழுக்கக் கறுத்து, உள்ளங்கைக்கும் இறங்கியது. அவர் படகைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது வீட்டுக்கு நடக்கும்போது நினைவுக்கு வந்தது. வாசலை எட்டுவதற்குள் கை வெளுத்துவிட்டது. அன்றுதான் அவள் தன்னைப் பற்றியே மிகவும் பயந்தாள்.

அண்ணன் கஸ்பார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான், சங்கத்துக்காரன், தராசுக்காகச் சுவரில் எழுதினான். தங்கையின் விரல் முதலில் ஏணிக்குக் கறுத்ததாகத் துறைமுகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டான்.

"இன்னா எல்சி, யாருக்குன்னு ஒனக்காவது தெரியுமா?"

"தெரியல அண்ணே."

"தராசுக்குக் கறுக்கலன்னாலும் பரவால்ல. அந்த ஏணிக்காரனுக்கு மட்டும் கறுக்கக் கூடாது. ஆர்பர்ல என் தோஸ்துங்க சிரிச்சிகினு கீறானுங்க."

தொழிற்சாலையில் மேஸ்திரி ராசையா ஏணிக் கட்சி ஆள். அவர் தினமும் காலையில் வேலைக்கு வந்தவர்களை எண்ணுவதற்கு முன் எல்சியின் விரலைப் பார்த்தார். அதட்டிப் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது.

"கறுத்தா ஏணிக்குக் கறுக்கணும் பாப்பா. இல்லன்னா அன்னிக்கு வூட்டுலயே இரு, போவாத. இங்க அம்பது பொம்பளைங்க உன் வெரலப் பாத்துகினு கீறாங்க. வேலன்னு ஒண்ணு இருக்குல்ல."

ஓட்டுப் போடும் இடத்துக்கு வெறும் விரலோடு போக வேண்டுமானால் முடிவு செய்யாமல் போக வேண்டும். எல்சி அதற்குப் பழகத் தொடங்கினாள். ஒருவரைப் பற்றி நல்லது ஒன்று மனதில் வந்தால் உடனே கெட்டது ஒன்றையும் நினைத்தாள். தராசுக்காரர் நேர்மையானவர், ஆனால் பெண்கள் கேள்வி கேட்டால் பதிலைக் கஸ்பாரைப் பார்த்துச் சொல்வார். படகுக்காரர் மீனவர் குப்பத்தில் பிறந்தவர், ஆனால் பத்து வருடமாக அந்தப் பக்கம் வரவில்லை. குடைக்காரருக்கு எதிரியே கிடையாது. அது ஏன் என்று நினைத்தால் பயமாக இருந்தது. ஏணிக்காரரின் குழாய் பாதியாவது நிஜம். பெட்டி கட்டும்போது கைகள் தாமாக வேலை செய்தன. மனம் நால்வரையும் ஒரே உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. மார்கழியில் அவள் உடம்பு இளைத்தது. யாராவது எந்தக் கட்சியின் பேரைச் சொன்னாலும் கையைப் பின்னால் மறைத்தாள். முடிவு செய்யாமல் இருப்பது பாவமா என்று பாதிரியாரைக் கேட்டாள். அதற்கு எந்தக் கட்டளையிலும் இடமில்லை என்று அவர் யோசித்துச் சொன்னார்.

ஜனவரி ஏழாம் தேதி காலை அவள் விரல் வெள்ளையாக இருந்தது. ஓட்டுச் சாவடி ஒரு பள்ளிக்கூடம். பெண்கள் வரிசை கார்ப்பரேஷன் குப்பைத் தொட்டி வரை நீண்டிருந்தது. பலர் தலையில் முக்காடும் கையில் பூவுமாக வந்திருந்தார்கள். எல்சிக்கு முன்னால் உள்ளே போன டோரதி திருப்தியாக வெளியே வந்து அவள் காதருகே பேசினாள்.

"நாலாக் கிழிச்சி நாலுத்துலயும் போட்டேன். ஒருத்தருக்கு மட்டும் போட்டா மத்தவங்க இன்னா நெனச்சிப்பாங்க? நாளைக்கிக் குழா அடைச்சிகினா யாராண்ட போறது?"

மை வைக்கும் மேசையில் பள்ளி ஆசிரியர் அருள்பிரகாசம் இருந்தார். அவர் குச்சியால் எல்சியின் விரலில் மை தொட்டார். மை சேப்பங்கிழங்கு இலையில் விழுந்த தண்ணீர்போல உருண்டு மேசையில் சொட்டியது. துடைத்துவிட்டு மறுபடியும் தொட்டார். மறுபடியும் உருண்டது. மூன்றாம் முறைக்குப் பிறகு அவர் குச்சியைக் கீழே வைத்தார். ஏணிக்காரரின் ஏஜெண்டாக பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராசையா எழுந்து நின்று, பெண் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்திருக்கிறாள், வெளியே அனுப்புங்கள் என்றார். ஆசிரியர் எல்சியைப் பார்த்தார்.

"மை தெரிஞ்சாத்தாம்மா சீட்டு. ரூல்ஸ் அப்படி. இன்னும் ஒரு தடவ பாக்குறேன், அவ்வளவுதான்."

மை இருந்தால் சீட்டு இல்லை என்று ஏழு வாரம் பயந்தவளுக்கு, மை இல்லாவிட்டாலும் சீட்டு இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இப்போதே, இத்தனை கண்களுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். நால்வரையும் ஏந்திப் பழகிய மனம் ஒருவரையும் கீழே வைக்க மறுத்தது. வாசலில் கஸ்பார், பெஞ்சில் ராசையா, வரிசையில் பெண்கள், எல்லோரும் அவள் விரலைப் பார்த்தார்கள். எல்சி கண்ணை மூடிக்கொண்டாள். வாக்குறுதிகளை நினைக்கவில்லை. ஐந்தே காலுக்குக் குழாய் நின்ற பிறகு, காலிக் குடத்தோடு இந்த நால்வரில் எவர் வாசலில் போய் நின்று தன்னால் பயமில்லாமல் சண்டை போட முடியும் என்று நினைத்தாள். ஒரே ஒரு வாசல்தான் தெரிந்தது. குச்சி விரலைத் தொடுவதற்கு ஒரு அங்குலம் இருக்கும்போதே நகம் கறுத்துவிட்டது. அருள்பிரகாசம் குச்சியை அப்படியே பிடித்துக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார். பிறகு சீட்டைக் கொடுத்தார்.

திரைக்குப் பின்னால் நான்கு பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் மல்லிகை கிடந்தது. குடைப் பெட்டியின் மேல் யாரோ மெழுகுவர்த்தி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தரையில் கிழிந்த காகிதத் துணுக்குகள் கிடந்தன. எல்சிக்கு ராசையாவின் குரல் நினைவுக்கு வந்தது. கஸ்பார் தள்ளிவைத்த தட்டு நினைவுக்கு வந்தது. டோரதியின் திருப்தியான முகமும் நினைவுக்கு வந்தது. நாலாகக் கிழித்தால் நான்கு பேரிடமும், உங்களுக்கும் போட்டேன் என்று சத்தியம் செய்யலாம். அவள் சீட்டின் ஓரத்தைப் பிடித்துக் கிழிக்கத் தொடங்கினாள். ஒரு நகத்தளவு கிழிந்தபோது விரல் வெளுக்க ஆரம்பித்தது. கணுவில் மை கலைந்தது, நகத்தில் மங்கியது. அவள் கிழிப்பதை நிறுத்தினாள். கிழிந்த இடத்தை உள்ளங்கையில் வைத்து நீவினாள். நீவ நீவ மை திரும்பி வந்தது. சீட்டை முழுசாக மடித்து ஒரே பெட்டியில் போட்டாள்.

கஸ்பார் வாசலில் கேட்டபோது, போட்டுவிட்டேன் என்றாள். யாருக்கு என்று கேட்டதற்கும் அதையே சொன்னாள். ஏணிக்காரர் வென்றார். அந்தச் சாவடியில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள் கால் துண்டுகளாகக் கிடைத்து, செல்லாதவையாக எண்ணப்பட்டன. ராசையா எல்சியைத் தீக்குச்சிகளை மருந்தில் முக்கும் பகுதிக்கு மாற்றினார். அங்கே ஒரு வருடம் இருமினாள், பிறகு சங்கம் பேசித் திரும்பப் பெட்டி கட்டும் வேலைக்கே வந்தாள். கஸ்பார் ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. மற்றவர்கள் விரலில் மை சில வாரங்களில் அழிந்தது. எல்சியின் விரலில் அது ஐந்து வருடம் இருந்தது, நடுவில் ஒருமுறைகூட மங்காமல். பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, எழுத்து வேலையா என்று மட்டும் கேட்டார்கள்.

1957ஆம் ஆண்டு தேர்தல் அறிவிப்பு வந்த அன்று மை தானாகப் போயிற்று. வாக்காளர் பட்டியலில் அவள் பெயருக்கு நேராக, மை வைக்க வேண்டாம், தானாக வரும்வரை காத்திருக்கவும் என்று பென்சிலில் குறித்திருந்தது. சாவடியில் அவளுக்கென்று ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். எல்சி உட்கார்ந்து யோசித்தாள். ஏறக்குறைய இருபது நிமிடம் ஆயிற்று. பின்னால் நின்ற பெண்கள் முணுமுணுக்காமல் காத்திருந்தார்கள். அவர்களில் சிலரும் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.