நிமிர்ந்தவளின் மறுநாள்

1

இந்தக் கதை என் இடுப்பில் பிறந்தது. போன ஒலிவ அறுவடையில் ஸுஹைலாவின் தோட்டத்தில் சாக்கைத் தூக்கக் குனிந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். பதினோரு நாள் நிமிர முடியவில்லை. (இருபத்திரண்டு வருடமாக நாசரேத்தில் நோயாளிகளைத் தூக்கி உட்காரவைக்கிற செவிலி நான். பிழைப்பைப் பாருங்கள்.)

ஸுஹைலா நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி. மாடியில் நான், கீழே அவள். பருப்புச் சூப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

"பதினோரு நாளைக்கே இவ்வளவு முனகல். வேதத்துல ஒருத்தி பதினெட்டு வருஷம் இப்படி இருந்தாடி."

அந்த ஒருத்திக்கு வேதத்தில் இருப்பது எட்டு வசனம். பெயர் இல்லை. ஓய்வுநாளில் ஜெப ஆலயத்தில் இருந்தாள். அங்கே போதித்துக்கொண்டிருந்தவர் அவளைக் கண்டு கூப்பிட்டார், கைகளை வைத்தார். நிமிர்ந்தாள், கடவுளைப் புகழ்ந்தாள். ஆலயத் தலைவருக்குக் கோபம். வேலை செய்ய ஆறு நாள் இருக்கிறது, அந்த நாட்களில் வந்து குணமாகுங்கள் என்றார். வந்திருந்தவர் திருப்பிக் கேட்டார்: ஓய்வுநாளில் உங்கள் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா? எதிர்த்தவர்கள் வெட்கப்பட்டார்கள், ஜனங்கள் மகிழ்ந்தார்கள். அவ்வளவுதான்.

அவள் மறுநாள் என்ன செய்தாள்?

2

'பதினெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் வானத்தைப் பார்த்தபோது—'

இப்படித் தொடங்கினேன். வேண்டாம். ஒருக்களித்துப் படுத்தால் வானம் தெரியும். அந்தப் பதினோரு நாளும் எனக்குத் தெரிந்தது.

'ஷெலாம்சியோன் அன்று காலை வழக்கம்போல ஜெப ஆலயத்துக்கு—'

பெயர் இருக்கட்டும், அந்தக் காலத்துப் பெண்கள் வைத்துக்கொண்ட பெயர்தான். ஊரார் ஷெலாம் என்று சுருக்கிக் கூப்பிடட்டும். நான் நின்றது 'வழக்கம்போல' என்ற இடத்தில். அவள் குணம் கேட்டு வந்ததாக எந்த வசனத்திலும் இல்லை. கூப்பிட்டது அவர். அப்படியென்றால் பதினெட்டு வருடம் எதற்காக அங்கே போய்க்கொண்டிருந்தாள்?

ஸுஹைலாவிடம் கேட்டேன்.

"நான் எதுக்குப் போறேன்? அதுக்குத்தான்."

"நம்பிக்கையாலயா, பழக்கத்தாலயா?"

"ஞாயித்துக்கிழமை காலைல உக்காந்து அதைப் பிரிச்சுக்கிட்டா இருப்பாங்க? முக்காட்டைப் போட்டுக்கிட்டுக் கிளம்பிடணும்."

இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. ஷெலாம் முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

3

அவளுக்கு ஒரு மகளைக் கொடுத்தேன். திர்சா, வயது பத்தொன்பது. தாய்க்கு முதுகு வளைந்தபோது கைக்குழந்தை. (வசனத்தில் இவள் இல்லை, முழுப் பொறுப்பும் என்னுடையது. கணவனை முதல் வரைவிலேயே சாகடித்துவிட்டேன். ஆட்கள் அதிகமாகிவிட்டார்கள்.) ஷெலாமைப் பிடித்திருப்பது ஒரு கெட்ட ஆவி, அது பெண்ணுக்கும் இறங்கும் என்று ஊரில் பேச்சு. திர்சாவைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.

அந்த ஓய்வுநாளில் இருவரும் வீடு திரும்புகிறார்கள். தெருவே வாசலுக்கு வந்து பார்க்கிறது.

"அம்மா, நீ என்னைவிட உசரம்மா!"

"நில்லு, பாப்போம்." ஷெலாம் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினாள். "ஏண்டி, உன் மூக்கு நேராத்தான் இருக்கு! கீழேருந்து பாத்துப் பாத்துக் கோணல்னே நெனச்சிட்டேன்."

"கோணல் மூக்குன்னு யார்கிட்டயாவது சொல்லிவச்சியா?"

"ரெண்டு மூணு பேர்கிட்ட."

சிரிக்கத் தொடங்கிய திர்சா நடுவிலேயே அழுதுவிட்டாள்.

"அந்த மனுஷன் கத்தினதைக் கேட்டியா? ஆறு நாள் இருக்காம். நீ என்னமோ திருட வந்த மாதிரி. இனிமே நாம அங்க போகவே வேணாம்மா."



4

அந்த மனுஷனை, தலைவரை, முதலில் தொந்தியும் மோதிரமுமாக எழுதினேன். 'அவனுடைய குரூரமான கண்கள்—' கிழித்துப் போட்டேன். வசனத்தை மறுபடி வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அவர் திட்டியது குணமாக்கியவரை அல்ல. அவளையும் நேராக அல்ல. கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கோபம் ஓரிடத்தில் இருக்க, வேறிடம் பார்த்துக் கத்துகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வார்டுகளில், நோயாளியின் கட்டிலருகே, நெருங்கிய சொந்தங்கள்.

அவருக்கு மத்தித்யா என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்ததும் அவரை வெறுப்பது கடினமாகிவிட்டது.

5

வாரத்தின் முதல் நாள், காலை. மத்தித்யா தன் வீட்டு முற்றத்தில் கழுதைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார். ஷெலாம் உள்ளே வருகிறாள். திர்சா வாசலைத் தாண்ட மறுத்து வெளியிலேயே நிற்கிறாள்.

"ஆறு நாள் இருக்குன்னீங்களே ஐயா. இன்னைக்கு முதல் நாள். வந்திருக்கேன்."

அவர் கயிற்றைக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"எதுக்கும்மா வந்தே?"

"நேத்து எல்லாரையும் பாத்துச் சொன்னீங்க, என்னைப் பாத்துச் சொல்லலை. இப்ப சொல்லுங்க. எனக்கு உங்க முகம் தெரியுது."

கழுதை குடித்து முடித்துவிட்டது. அவர் அதை இழுக்கவில்லை.

"உனக்காக நான் வேண்டலைன்னு நெனைக்கிறியா, ஷெலாம்? பதினெட்டு வருஷம். ஒரு ஓய்வுநாள் விடலை. பேர் சொல்லி வேண்டினேன். வழியில வந்த ஒருத்தர் ஒரே வார்த்தைல முடிச்சிட்டுப் போறார். எனக்கு வயிறு எரிஞ்சுதும்மா. அதை எப்படிச் சொல்றது? சட்டத்தைச் சொல்லிட்டேன்."

"நீங்க வேண்டினது தெரியும்."

"எப்படி?"

"என் பேர் வர்றப்ப உங்க குதிகால் ரெண்டும் தரையைவிட்டு எழும்பும். அதைப் பாக்கத்தான் சில வாரம் வந்தேன். யாரோ ஒருத்தர் நமக்காக எக்கி நிக்கிறாரேன்னு."

(இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு எழுந்து போய்த் தேநீர் போட்டேன். இரண்டாவது பகுதியில் நான் கேட்ட கேள்விக்கு அவளே பதில் சொல்லுவாள் என்று எதிர்பார்க்கவில்லை.)

மத்தித்யா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வர்ற ஓய்வுநாளுக்கு வருவியா?"

6

முடிவு ஒன்று: வருகிறாள். அவர் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறார். (நன்றாக இருக்கிறது, நம்ப முடியவில்லை.)

முடிவு இரண்டு: வரவில்லை. மகளோடு, குணமாக்கியவர் போன பாதையில் நடக்கிறாள். அவர் பின்னால் பெண்களும் போனார்கள் என்று வேதமே சொல்லுகிறது. (இதுவும் நடந்திருக்கலாம். ஆனால் முற்றத்தில் நிற்கிற அந்த மனிதரை என்ன செய்வது?)

முடிவு மூன்று, ஸுஹைலாவுடையது: "வருவா. நிமிந்து உக்காருவா. பின்னால இருக்கிறவளுக்கு மறைக்கும். சண்டை வரும். ஊர்னா அப்படித்தான்."

மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஷெலாம் மத்தித்யாவுக்குப் பதில் சொல்லுகிறாள். நான்காவது முறை எழுதியபோது அவள் சொல்லவில்லை. திரும்பி வாசலுக்கு நடந்தாள். அங்கே திர்சா சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நீ சொல்லுடி, போலாமா?"

"என்னை ஏன் கேக்கிறே? நிமிந்தவ நீ. அவர்கூடப் பேசித் தீத்தவளும் நீ."

"நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து என் கையைப் பிடிச்சு அங்க கூட்டிட்டுப் போனவ நீ. நான் தரையைப் பாத்துக்கிட்டே வந்துட்டேன். அத்தனை பேர் கண்ணையும் பாத்தது நீதான். நேத்து நிமிந்து தெருவைப் பாத்தப்பதான் எனக்கு அது உறைச்சுது."

திர்சா தாயைத் தாண்டி முற்றத்துக்குள் பார்த்தாள். மத்தித்யா அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இவளை உண்டாக்கியவள் நான். என்ன பதில் சொல்லுவாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நான் யாரையும் அப்படிக் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் அழைத்துப் போனதில்லை. சம்பளத்துக்குப் பிடித்த கைகள் கணக்கில் வராது. உங்களில் யாராவது அப்படி ஒருவரை அழைத்துப் போயிருப்பீர்கள். வாசலில் நிற்பவள் உங்களுக்குத் தெரிந்தவள். அவள் சொல்லுவதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.