எறியாத பந்து

கிளெம் ஹஃப்னரின் வலது தோள் ஜூன் மாதமே போய்விட்டது. யாரிடமும் அவன் மூச்சு விடவில்லை. ஆறு வருடமாக ஒரு பேஸ்பால் அணியில் மாற்று ஆட்டக்காரன். எவனாவது காலை உடைத்துக்கொண்டால்தான் களத்தையே பார்ப்பான். எறிய முடியாத கை என்று தெரிந்தால் மேனேஜர் டகன் அன்றைக்கே ரயிலேற்றிவிடுவார். அப்புறம் டேட்டனில் மாமனாரின் செங்கல் சூளைதான் கதி.

ஆகஸ்டில் ஓர் ஆட்டம். கடைசி இன்னிங்ஸில், ஓடுபவர்கள் தொட்டாக வேண்டிய இரண்டாம் பேஸைக் காத்து நின்றவனுக்குக் கணுக்கால் பிசகியது.

"போடா கிளெம்!" என்றார் டகன்.

தெரிந்த ஜெபத்தையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு போய் நின்றான். தன் அணிக்கு ஒரு ரன் முன்னிலை. இன்னும் ஓர் அவுட் போதும். எதிரணிக்காரன் ஒருவன் ஓங்கி அடித்துவிட்டு இரண்டாம் பேஸுக்குச் சறுக்கி வந்து சேர்ந்தான். பந்து ஒரு நொடி தாமதமாகக் கிளெமிடம் வந்தது.

அதைப் பந்துவீச்சாளரிடம் திருப்பி எறிய வேண்டும். இருபது கெஜம்கூட இல்லை. எறிந்தால் பாதி வழியில் விழும், குட்டு வெளிப்பட்டுவிடும். பந்தைக் கையுறைக்குள்ளேயே வைத்துக்கொண்டு முழித்தான். பந்துவீச்சாளரோ கோபத்தில் முதுகைக் காட்டியபடி புல்லை உதைத்துக்கொண்டிருந்தான். ஓடி வந்தவன், பந்து திரும்பிப் போய்விட்டதென்று நினைத்து, கால்சட்டையைத் தட்டிக்கொண்டே பேஸைவிட்டு ஓரடி நகர்ந்தான்.

கிளெம் பந்திருந்த கையுறையால் அவனைத் தொட்டான். பேஸில் கால் இல்லாதவனைப் பந்தோடு தொட்டால் அவன் கதை முடிந்தது.

"அவுட்!" என்று அம்பயர் அலறினார். ஆட்டம் முடிந்தது.

"அட திருட்டுப்பயலே!" என்று கூட்டாளிகள் அவன் தோளில் அடித்தார்கள். அந்தத் தோளிலேயே. உயிர் போய் உயிர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

டகன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஊரே உன் தந்திரத்த மெச்சுது. ஏண்டா எறியல?"

"முடியல பாஸ். ஜூன்லேர்ந்து தோள் செத்துப்போச்சு."

"எனக்குத் தெரியாதா? எல்லாரும் எறிஞ்சு பழகுற நேரத்துல மட்டும் தினம் கக்கூஸுக்கு ஓடுறியே!"

"தெரிஞ்சுமா இன்னைக்கு எறக்குனீங்க?"

"வேற எவன் இருந்தான்? சரி, கேளு. பெஞ்சுல உக்காந்துகிட்டு, 'இவன் எடது பக்கந்தான் அடிப்பான், நகரு நகரு'ன்னு கத்துறியே, அதுலயே பத்து ஆட்டம் ஜெயிச்சிருக்கேன். உன் கை யாருக்குடா வேணும்? நாளைலேர்ந்து நீ கோச். மூணாம் பேஸ் பக்கம் நின்னு கத்து."

கிளெம் வெட்கமில்லாமல் அழுதான். மூன்று மாதப் பயம் மொத்தமும் அப்படியே கரைந்து போனது.

மறுநாள் மூன்றாம் பேஸை நோக்கி அவர்கள் ஆள் ஒருவன் தலைதெறிக்க ஓடி வந்தான். "நிக்காத, ஓடு!" என்று தொண்டை கிழியக் கத்தி, கிளெம் இடது கையைச் சுழற்றினான். ஏன் இடது கை என்று ஒருவரும் கேட்கவில்லை.